நடுக்கத்தின் மண்டகப்படி

முதலில் நடுங்கியது குழாய். மனுஷர்கள் பிறகு.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் சிப்பிவிளை என்று ஓர் ஊர். ஊரின் கிழக்கு ஓரத்தில் ஓர் உர ஆலை, ஆலைக்குள் ஒரு கூடம், கூடத்துக்குள் வீட்டளவு பெரிய ஒரு கம்ப்ரசர். ஏற்றம் ஏறுகிற எருமையைப் போல அது இழுத்து இழுத்து மூச்சு விட்டு அமோனியா வாயுவைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் ஊரில் பிள்ளைகள் பிறந்தன, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் கல்யாணம் பேசினார்கள், சாவு வீட்டில் துட்டி கேட்டார்கள், சண்டை போட்டார்கள். சத்தம் நின்றால் சோறு நின்றது என்று பொருள். ஆகவே அது நிற்கக் கூடாது என்பதில், சாமி இல்லை என்று பேசித் திரிகிறவனுக்கும்கூட இரண்டாவது கருத்துக் கிடையாது.

பெரிய குழாயிலிருந்து கிளை மாதிரி ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழம் இருக்கும். அதன் நுனியில் கனத்த வால்வு ஒன்று. குடத்தை நீட்டிய கையில் தூக்கி நிற்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். அதை அசையாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புப் பட்டை இருந்தது. ஆலையை நிறுத்திப் பழுதுபார்த்த போன ஷட்டவுனில் வேறு எதற்கோ இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. கழற்றினது யார் என்று கேட்காதீர்கள். பேர் சொல்லி என்ன ஆகப் போகிறது.

பட்டை போனதும் கம்ப்ரசரின் தாளமும் அந்தச் சின்னக் குழாயின் தாளமும் ஒன்றாகிவிட்டன. இரும்பு அடித்தால் உடையாது, ஆட்டினால் உடையும். சின்னச் சின்ன ஆட்டம், ஓயாத ஆட்டம். நடுவில் ஓய்வு கொடுத்தாலும் அதுவரை பட்டதை அது மறப்பதில்லை. உடையும்போதும் நடுவில் உடையாது, வெல்டிங் போட்டுப் பற்றவைத்த இடத்தில்தான் விடும். இரும்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இது போதும்.

ஆவுடைத்தாய் அந்தக் கூடத்தைப் பெருக்குகிற ஒப்பந்தக் கூலி. அவள் புருஷன் மாசானம் அதே கூடத்தில் கம்ப்ரசர் ஓட்டுகிற ஆபரேட்டர். ஒரு வெள்ளிக்கிழமை காலை பெருக்கிக்கொண்டு வந்தவள், குளிர்சுரம் கண்ட பிள்ளையின் பல்லைப் போலப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னக் குழாயைப் பார்த்தாள். "சும்மா கெடயேன் சனியனே" என்று சொல்லி அதன் மேல் வலது கையை வைத்தாள்.

குழாய் சும்மா கிடந்தது.

அவ்வளவுதான் நடந்தது. நடுக்கம் குழாயை விட்டு அவள் உள்ளங்கைக்குள் ஏறி, முழங்கைக்குப் போய், தோளுக்குப் போய், மூக்குத்தி வரைக்கும் வந்து நின்றுகொண்டது. கையை எடுத்தாள், குழாய் முன்னைவிட மூர்க்கமாகத் துள்ளியது. வைத்தாள், அடங்கியது. மாசானம் மெஷினை இயக்குகிற பேனலை விட்டு இறங்கி வந்து பார்த்தான். பிறகு என்ஜினீயர் கிருபாகரன் அதிர்வு மீட்டரோடு வந்தார். இளவயது, கெட்டவர் இல்லை.

"யாரு மாசானம் இது?"

"நம்ம வீட்டுக்காரி சார்."

"என்ன செய்றாங்க?"

"பிடிச்சிருக்கா சார்."

மீட்டரைக் குழாயில் வைத்தார். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தார். படுத்தே கிடந்தது. "கொஞ்ச நேரம் அப்படியே இரும்மா, மெஷினை நிறுத்தச் சொல்லிக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று போனார். அந்தக் கொஞ்ச நேரம் முடிவதற்குள் ஆவுடைத்தாய் வீட்டு முருங்கை இரண்டு தடவை காய்த்து ஓய்ந்தது.

அவர் கேட்கத்தான் செய்தார். தலைமை அலுவலகம் தூரத்தில், ஏதோ ஒரு பட்டணத்தில், ஏசி அறையில் இருந்தது. பட்டையை மாட்ட ஒரு முற்பகல் போதும், ஆனால் மெஷின் நிற்க வேண்டும். நிறுத்த வேண்டுமானால் காரணம் வேண்டும்.

"ரீடிங் என்ன?"

"இப்ப பூஜ்யம் சார்."

"பூஜ்யத்துக்கு எதுக்கு நிறுத்தணும்? சம்பா நடவு நேரம், யூரியா யூரியான்னு கத்துறான்."

"சார், ஒரு அம்மா கையால பிடிச்சிட்டிருக்காங்க. அதனாலதான் பூஜ்யம்."

"பிடிச்சிட்டிருக்காங்கல்ல? அப்புறம் என்ன?"

ரீடிங் காட்ட வேண்டுமானால் அவள் கையை எடுக்க வேண்டும். ஒரு நாள் எடுக்கச் சொல்லி மீட்டரை வைத்தார். முள் எழுந்திரிப்பதற்குள் பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் உரிந்து ஒரு மயிரிழை ஓடியது, அதிலிருந்து நூலாகக் கசிந்த வாயுவில் கூடத்தில் இருந்த அத்தனை பேர் கண்ணும் பொத்துக்கொண்டு ஊற்றியது. "வைட்டி கைய, வைட்டி!" என்று மாசானம் கத்தினான். வைத்தாள். மயிரிழை மூடிக்கொண்டது. மூடிக்கொண்ட விரிசல் எங்கே போனது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கிருபாகரனும் அதற்குப் பிறகு கையை எடுக்கச் சொல்லத் துணியவில்லை. எடுத்தால் உடையும், எடுக்காவிட்டால் உடையப் போகிறதென்று காட்ட முடியாது.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்கு எதுவும் பழகும். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், நாற்காலிக்கு மேலே ஒரு மின்விசிறி மாட்டினார்கள், சுற்றி ஒரு தார்ப்பாய் மறைப்புக் கட்டி உள்ளே ஒரு வாளி வைத்தார்கள், தூங்கும்போது கை நழுவிவிடாமல் துண்டால் குழாயோடு சேர்த்துக் கட்டினார்கள். கேன்டீனில் முதல் ஈட்டு இட்டிலி அவளுக்குப் போனது, பெண்கள் ஷிப்ட் விட்டுப் போகையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் போனார்கள், தொழிற்சங்கம் நன்றித் தீர்மானம் போட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பாதுகாப்பு அதிகாரி, "இது தீயணைப்பான், இது அவசர வழி, இது ஆவுடைத்தாய்" என்று காட்டிக்கொண்டே போவார். அவர்கள் தலையாட்டிக்கொண்டே போவார்கள்.

அவளுக்குப் பதில் பிடிக்க வேறு ஆள்கள் வராமல் இல்லை. முரட்டுக்காளை மாதிரி குழாய் அவர்களைத் தூக்கி எறிந்தது. ஆனால் ஒரு நாள் மாசானம் அவளுக்குச் சோறு ஊட்டும்போது அவளது இடது கையைப் பிடித்தான். பாதி நடுக்கம் அவனுக்குள் வந்துவிட்டது. தட்டில் சோற்றுப் பருக்கை குதித்தது. அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நிதானம். "இப்பம் பரவால்ல" என்றாள். மாசானத்தின் இன்னொரு கையை வேறொருவன் பிடித்தபோது அவனிடமிருந்து பாதி போனது. பகிர்ந்தால் குறைகிறது.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க்கூட்டம். மீன்காரத் தெருவுக்குப் பெரிய ஆள் மிக்கேல் பர்னாந்து, உப்பளத் தெருவுக்குச் சுடலையாண்டி. சித்திரைத் திருவிழாவில் ஆளுக்கொரு நாள் மண்டகப்படி எடுத்து அன்றைய செலவையும் வேலையையும் அந்தந்தத் தெரு சுமப்பது அங்கே வழக்கம்; சிலுவை கும்பிடுகிற வேதக்காரர்களான மீன்காரத் தெருவுக்கும் அம்மன் தேருக்கு வடம் கொடுக்கிற நாள் ஒன்று உண்டு.

"சாமிக்கு எடுக்கிறோம்லா வே, அது கணக்கா இதையும் எடுப்போம்" என்றார் பர்னாந்து.

"மேளம் உண்டுமா?" என்றார் சுடலையாண்டி.

"பல்லு அடிக்கிற அடி பத்தாதாக்கும், மேளம் வேற கேக்குதோ ஒமக்கு?"

கூட்டம் சிரித்தது. மண்டகப்படி முடிவானது.

அதிலிருந்து தினம் ஒரு தெரு. ஆவுடைத்தாயின் இடது கையைப் பிடித்து ஒருவர், அவர் கையைப் பிடித்து ஒருவர் என்று கூடத்தை விட்டு வெளியேறி, கேட்டைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் மனுஷச் சங்கிலி நிற்கும். நடுக்கம் ஆளுக்கு ஆள் பாதி பாதியாகத் தேய்ந்து கடைசி ஆளுக்குக் காதில் ஒரு கூச்சமாக மட்டும் போய்ச் சேரும். மண்டகப்படி முடித்து வீடு போனாலும் உடம்பில் நடுக்கம் ஒட்டிக்கொண்டு போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்செம்பைத் தூக்கின கையில் பால் வெண்ணெயாகத் திரண்டது. கைப்பிள்ளைகள் தோளில் போட்ட உடனே தூங்கின. நாவிதர் கடைப் பக்கம் யாரும் போகாததால் ஊரே தாடி வளர்த்தது. கல்யாணப் படங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் புகை மாதிரி விழுந்தார்கள். ரேஷன் கடை மெஷின் யார் விரல் ரேகையையும் எடுக்காமல் போகவே, கடைக்காரர் ஆளின் முகத்தைப் பார்த்து அரிசி போடுகிற பழைய முறைக்குத் திரும்பினார்.

அங்கேதான் ஊர் தப்பு செய்தது. திருவிழா மண்டகப்படி எடுத்தவன் மறுநாள் குளித்துப் படுத்தால் அலுப்புப் போய்விடும். இதையும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார்கள். ஒரு நாள் பாடு, மற்ற நாள் ஓய்வு, எல்லாம் சரியாகும் என்று. நடுக்கத்தை வாங்கின உடம்பு இரும்பின் கட்சிக்குப் போய்விடுகிறது. இரும்புக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது.

விரிசல் உடம்பில் ஒட்டுப்போட்ட இடங்களில் வந்தது. அறுவைசிகிச்சைத் தையலில் வந்தது, பந்து விளையாடி உடைந்து கூடின கணுக்காலில் வந்தது, காதுகுத்தின துளையில் வந்தது, தொப்புளில் வந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை. மயிரிழை மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து கண்ணைக் கரிக்கிற சில்லென்ற வெள்ளைப் புகை. பெண்கள் மஞ்சளை அரைத்து அப்பினார்கள். நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பூசுகிற பசையை வாங்கி அப்பினார்கள். கொஞ்சம் நின்றது.

உடம்போடு போயிருந்தால் ஊர் அதற்கும் பழகியிருக்கும். ஊரில் வேறு என்னவெல்லாம் ஒட்டவைத்து நின்றதோ அதெல்லாமும் விட ஆரம்பித்தது. ஒரே மீன்பிடி வள்ளத்தில் பங்கு வைத்திருந்த அண்ணன் தம்பி வள்ளத்தை நடுவில் அறுத்துக்கொண்டார்கள், இரண்டு பாதியும் கரையில் கிடந்தன. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இரண்டு பெண்களும் ஒரே நாளில் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். டீக்கடைக்காரர் பால் வேறு கடை, டிக்காஷன் வேறு கடை என்று பிரிந்துபோனார், குடிக்கிறவன்தான் இரண்டு கடைக்கும் நடந்து கலந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் தெருவும் தெருவும் ஒட்டின இடம்.

திருவிழாக் கொடியேற்றத்தன்று எல்லாத் தெருவும் சேர்ந்து ஒரே சங்கிலியாக நிற்பதென்று பேச்சு. ஆவுடைத்தாயின் கையை நேராகப் பிடிக்கிற முதல் கை யாருடையது? கோயிலில் முதல் மரியாதை எங்களுக்குத்தான் என்றது உப்பளத் தெரு. சங்கிலி யோசனையே எங்களுடையது என்றது மீன்காரத் தெரு.

"வடம் கொடுக்கிறவன் வடத்தோட நிக்கணும் வே. முதல் கை கேக்கப்படாது" என்றார் சுடலையாண்டி.

"உப்பு அள்ளின கை வே ஒமக்கு. மரத்துப்போன கையில நடுக்கம் எங்க ஏறும்?" என்றார் பர்னாந்து.

"என்ன சொன்னேரு?"

கொடியேற்றத்தன்று சங்கிலியில் நின்றபடியேதான் இவ்வளவும். சுடலையாண்டி கையை உதறினார். அவர் உதறினதும் அவருக்குப் பின்னால் உப்பளத் தெரு உதறியது. இவர்கள் உதறினால் நாங்கள் என்ன இளிச்சவாயர்களா என்று மீன்காரத் தெரு உதறியது. நூறு பேர் உடம்பில் பரவி நின்ற நடுக்கம் திரும்பி ஓடி, ஒரே அடியாக அவள் மேல் விழுந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சின்னப் பிள்ளையில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்து கூடின மணிக்கட்டு அவளுக்கு. அந்த இடத்தில் காசிக்கயிறு கட்டினது போல ஒரு கோடு சுற்றி வந்தது. மாசானம் பார்த்தான்.

அன்று மத்தியானமே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றான்.

"நிறுத்தணும் அண்ணாச்சி. நாம எல்லாரும் சேந்து போய் நிறுத்துவோம். பட்டைய மாட்டினதும் ஓட்டிக்கலாம்."

"நிறுத்தினா இதான் சாக்குன்னு ஆலையப் பூட்டிருவான்ல. பெறவு ஊரே உப்பத்தான் நக்கணும்" என்றார் சுடலையாண்டி.

பர்னாந்து தலையாட்டினார். பகை வந்த பிறகு இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"அவ கை போவுது அண்ணாச்சி."

"கைதானல போவுது?" என்றார் சுடலையாண்டி.

மாசானம் கூடத்துக்குத் திரும்பி வந்தான், பேனலில் ஏறினான், கண்ணாடி மூடியை உடைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

கம்ப்ரசர் எருமை ஒரு மூச்சை விட்டது. பிறகு விடவில்லை. ஊரில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்றை, ஷட்டவுனுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அன்றைக்குத்தான் கேட்டார்கள், கேட்டு அழுதார்கள். கோழிகள் பகலிலேயே கூட்டில் அடைந்தன. சமையல்கட்டில் மெதுவாக முனகினதெல்லாம் தெருவுக்குக் கேட்டது. "வாட்டி, எழுந்திரி" என்று மாசானம் ஓடி வந்து துண்டின் முடிச்சை அவிழ்த்து அவளைத் தூக்கினான். அவள் எழுந்தாள். கை எழவில்லை. மணிக்கட்டில் ஓடின கோட்டோடு, காய்ந்த களிமண் பெயர்கிற மாதிரி கழன்று, ஐந்து விரலாலும் குழாயைப் பிடித்தபடி அது அங்கேயே நின்றுகொண்டது.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மாசானத்தைக் காவலாளிகள் இழுத்துப் போனார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு குத்து விட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கண்ணாடி வைத்துக் குழாயைச் சோதித்தால், புதுக்குழாய் மாதிரி இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் கை இருக்கிறது. "இதையாவது மாட்டிடுவோம் சார், நின்னுதானே இருக்கு" என்று கிருபாகரன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். "அந்தக் கையை எப்படி எடுப்பீங்க? வெட்டியா? ரீடிங் நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள். சாயங்காலத்துக்குள் கம்ப்ரசர் ஓடியது. கை பிடித்துக்கொண்டது. ஊர் மூச்சு விட்டது. மாசானத்துக்கு வேலை போனது.

கை போதும் என்று ஆகிவிட்டது ஊருக்கு. சங்கிலி வேண்டாம், மண்டகப்படி வேண்டாம், முதல் கைச் சண்டை வேண்டாம். கைக்கு மல்லிகை சுற்றினார்கள், சந்தனம் பூசினார்கள், கண்ணாடி வளையல் போட்டார்கள். கையின் சொந்தக்காரி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒருவரும் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. வந்தால் என்ன பேசுவது?

வீட்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அங்கே கைக்கு நடப்பதெல்லாம் இங்கே அவளுக்குத் தெரிந்தது.

"சந்தனம் பூசுறானுவ. குளுருது."

"வலிக்கா?"

"எறும்பு ஏறுது. தட்டிவிட ஒருத்தன் இல்ல."

நடுக்கம் போகவில்லை. மொட்டையாக நின்ற மணிக்கட்டு வழியாக, நடுவில் ஒன்றுமே இல்லாத வழியாக, அது அவளுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் முழங்கையில் கோடு சுற்றியது. மாசானம் தொட்டிப் பசையை அப்பினான். அடுத்த வாரம் தோளில். தோளிலிருந்து ஒரு மயிரிழை நெஞ்சுப் பக்கம் திரும்பியிருந்தது. அவன் ஆணி அடித்த மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பசை டப்பா காலியாகியிருந்தது. இடது கையைப் பிடித்துப் பாதியை அவன் வாங்கிக்கொண்டான், தூங்காமல், விடாமல். அவன் உடம்பிலும் கோடுகள். இருந்தும் அது நெஞ்சுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

கிருபாகரன் ஒரு முற்பகலில் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அம்மா, அந்தக் கை இன்னும் நீங்க சொன்னபடி கேக்குதா?"

அவள் யோசித்தாள். "அசைச்சா அசையும்னுதான் தோணுது சார். நான் அசைக்கல. பயம்."

"ஒவ்வொரு விரலா எடுங்க. மெதுவா. மொத்தமா விட்டா உடைஞ்சிரும். ஒவ்வொண்ணா எடுத்தா மீட்டர் ஏறும், உடையாது. எல்லையைத் தாண்டி ஏறினா அவங்க நிறுத்தித்தான் ஆகணும். அவங்க ரூல் அது. நான் அங்க நின்னு போன்ல சொல்றேன்."

"உடையாதுன்னு தெரியுமா சார்?" என்றான் மாசானம்.

"தெரியாது."

ஆவுடைத்தாய் தன் நெஞ்சுப் பக்கத்துக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். "போங்க சார்" என்றாள்.

எவர்சில்வர் டம்ளரில் செல்போனைச் சாத்தி வைத்தான் மாசானம். கம்ப்ரசரின் இரைச்சலுக்குள்ளிருந்து கிருபாகரனின் குரல் வந்தது. இன்னொரு போனில் தலைமை அலுவலகத்தையும் பிடித்திருந்தார். அந்தக் குரலும் கொசு மாதிரி கேட்டது.

"சுண்டு விரல் எடுங்கம்மா."

கண்ணை மூடி, இல்லாத கையில் இருந்த விரலை எடுத்தாள்.

"முள் எழுந்திருச்சு! சார், முள் எழுந்திருச்சு."

"எல்லைக்குள்ளதானே இருக்கு?" என்றது கொசு.

அடுத்த விரல். ஊருக்குச் சேதி போய்விட்டது. வாசல் முழுக்க ஆள். கை போனதற்குப் பிறகு முதல் தடவையாக அந்த வீட்டு வாசலில் ஆள்.

"விட்டுராத தாயி. பிள்ளைகுட்டி இருக்கு" என்றார் பர்னாந்து.

"எனக்குக் கை இருந்துச்சு அண்ணாச்சி."

சுடலையாண்டி துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஆயிரம் குடும்பம் தாயி."

"எனக்கு நோவுதான்னு இந்த ஆயிரத்துல ஒருத்தர் கேட்டியளா?"

நடுவிரல். காற்றில் லேசாக நெடி. கண் கரித்தது. "இன்னும் எல்லையைத் தொடலையே" என்றது கொசு. ஆள்காட்டி விரல். "தொட்டுச்சு சார், தொட்டுட்டு நிக்குது." "தாண்டட்டும். தாண்டினா சொல்லுங்க."

மீதி கட்டைவிரல் ஒன்றுதான்.

அவள் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள். "போங்க எல்லாரும். மேக்க ஓடாதிய, காத்து மேக்கதான் போவுது. குறுக்க, வடக்க போங்க. நடக்க முடியாதவங்களத் தூக்கிக்கிடுங்க. போங்க."

ஊர் போனது. பர்னாந்து தெருவும் சுடலையாண்டி தெருவும் ஒரே பாதையில், பாத்திரத்தையும் ஆட்டையும் கிழவர்களையும் தூக்கிக்கொண்டு, விரிசல் விட்ட உடம்பெல்லாம் வெயிலில் புகைந்துகொண்டு போனார்கள். ஊர் போவதை ஆலைக்குள் இருந்தவர்கள் பார்த்தார்கள். பேனலை விட்டு, கேன்டீனை விட்டு, கேட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு அவர்களும் போனார்கள். மாசானம் எழவில்லை. அவளும் அவனைப் போகச் சொல்லவில்லை.

"அம்மா, கட்டைவிரலையும் எடுத்தீங்கன்னா தாண்டிரும்" என்றது போன்.

"தாண்டும்போது நீங்க எங்க சார் இருப்பிய?"

"இங்கதான். மீட்டரை யாராவது பிடிக்கணும்ல?"

"பிள்ளைக இருக்கா?"

"ஒரு பொண்ணு."

அவள் போன் பக்கம் குனிந்தாள். பிறகு சொன்னாள். "அந்த மீட்டரக் கீழ வையுங்க சார். என் கையப் பிடிச்சுப் பாருங்க."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. வெகுநேரம். திடீரென்று அவள் மாசானத்தின் கையை இறுக்கினாள்.

"ஏங்க, ஆரோ என் கை மேல கை வைக்காவ."

போனிலிருந்து வந்த குரல் துண்டு துண்டாக நொறுங்கி வந்தது. "இ... இவ்வளவா... இவ்வளவாம்மா?"

"இது பாதி சார்" என்றாள் ஆவுடைத்தாய்.

எதிர்முனையில் அவர் அழுகிற சத்தம். அப்புறம் கத்தினார். "மாசானம்! ஓடி வா! நான் பிடிச்சிருக்கேன், நீ வந்து நிறுத்து! ஓடி வா!"

மாசானம் ஓடினான். திறந்து கிடந்த கேட் வழியாக, ஆள் இல்லாத கேன்டீன் வழியாக, ஆள் இல்லாத பேனலில் ஏறி, உடைந்த கண்ணாடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், அதையும் உடைத்தான்.

சத்தம் நின்றது. வடக்கே போய்க்கொண்டிருந்த ஊர் அப்படியே நின்றது. கிருபாகரன் குழாயடியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு மணிக்கட்டிலும் வளையல் மாதிரி கோடு. தரையில் கிடந்த போன் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. "ரீடிங் என்ன? ஹலோ? ரீடிங் என்ன?" அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

பூவையும் வளையலையும் உருவிப் போட்டுவிட்டு, ஈரத்துண்டில் சுற்றி மாசானம் கையை வீட்டுக்குக் கொண்டு வந்தான். நாலு விரல் நிமிர்ந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் மடங்கி, எதையோ பிடித்தபடி, துண்டுக்குள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்துப் பார்த்தான். ஒட்டவில்லை.

"கொடுங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தூங்குகிற பிள்ளையின் கைக்குள்ளிருந்து சாமானை எடுக்கிற பக்குவத்தில், இடது கையால் அந்தக் கட்டைவிரலை மெல்ல நிமிர்த்தினாள். மடியில் இருந்தது அடங்கியது. முழங்கை அடங்கியது. தோள் அடங்கியது.

"விட்டாச்சு" என்றாள்.

தெருவில் கேட்பதற்கு ஆள் இல்லை.